வேலையை விடுவதற்கு முன் ஒரு கடிதம்

அன்புள்ள அம்மா,

பி.காம். முடித்து, தனியார் நிறுவனமொன்றின் கணக்குப் பிரிவில் சேர்ந்த, காது சரியாகக் கேட்காத உங்கள் மகள், சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவருகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். கூட வேலை செய்பவர்கள் அவளைப் போலவே பேசிக் காட்டிச் சிரிக்கிறார்கள். பின்னால் நின்று கைதட்டிப் பார்க்கிறார்கள். ஒருநாள் காதொலிக் கருவியையே ஒளித்து வைத்திருக்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு வங்கித் தேர்வுக்குப் படிக்கட்டுமா என்று கேட்கிறீர்கள்.

தாராளமாகப் படிக்கட்டும். பொதுத்துறை வங்கிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீத இடஒதுக்கீடு உண்டு. ஆனால் விரட்டப்பட்டவளாக அவள் வெளியேற வேண்டாம். உடம்பும் மனமும் தாங்காத நிலை வந்தால் மட்டும், யோசிக்காமல் விடட்டும்.

"கேலிதானே, அனுசரித்துப் போ" என்று உறவினர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் 92ஆவது பிரிவைப் பாருங்கள். பிறர் பார்வையில் படும் இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. துணைக்கருவியைப் பயன்படுத்தவிடாமல் இடையூறு செய்வதும் அதே பிரிவில்தான் வருகிறது. உங்கள் மகளுக்கு நடந்தது இதில் எவ்வளவு பொருந்தும் என்பதை வழக்கறிஞர் பார்த்துச் சொல்ல வேண்டும். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இந்த உதவி இலவசம்.

அதற்கு முன், நடந்ததையெல்லாம் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள்: தேதி, நேரம், யார் என்ன செய்தார்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள். பிறகு மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பட்டும். வாயால் சொன்ன புகாருக்கு வாயாலேயே சமாதானம் சொல்லி அனுப்பிவிடுவார்கள்; எழுத்தில் போனதை அப்படி மறுக்க முடியாது. இது நிற்க வேண்டும் என்பதோடு, தனக்கு என்ன தேவை என்பதையும் அதில் கேட்கட்டும்: கூட்டத்தில் பேசுபவரின் முகம் தெரியும் இருக்கை, பேசி முடிவானவற்றின் எழுத்துக் குறிப்பு. பலர் இந்த இரண்டாவது பகுதியைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். மாற்றுத்திறனாளி ஊழியர்களுக்கு என்னென்ன வசதி செய்து தருவோம் என்று சொல்லும் சம வாய்ப்புக் கொள்கையைத் தனியார் நிறுவனங்களும் வெளியிட்டாக வேண்டும். அதன் நகலையும் கேட்கலாம். அரசு அலுவலகம் என்றால் குறைதீர்ப்பு அலுவலர் இருப்பார், புகாரை இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். கேலி பாலியல் சீண்டலாக மாறியிருந்தால் அது, பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, அலுவலகத்தின் உள்புகார்க் குழுவுக்குப் போக வேண்டியது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள், அம்மா. நீங்களே அலுவலகத்துக்குப் போய் மேலாளரிடம் முறையிட வேண்டாம். அவளை ஏற்கெனவே குழந்தையாக நடத்துகிறவர்களுக்கு அது இன்னும் வசதியாகிவிடும். கடிதத்தை அவள் எழுதட்டும், நீங்கள் கூட உட்காருங்கள்.

பதில் வராவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு அவளே மனு அனுப்பலாம். பணி நியமன ஆணை, அடையாள அட்டை, அனுப்பிய மின்னஞ்சல்கள் ஆகியவற்றின் நகல்களை இப்போதே வீட்டில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.