‘அப்புறம்’ எப்போது வரும்?

கேள்வி: என் மகனுக்கு 4 வயது. கடையில் ஜெல்லி மிட்டாயைப் பார்த்தால் உடனே வேண்டும் என்கிறான். “அப்புறம் வாங்கித் தரேன்” என்றால் தரையில் விழுந்து புரள்கிறான். இரண்டு அடி போட்டால் சரியாகிவிடும் என்கிறார் மாமியார். இவனுக்குப் பொறுமையே வராதா?

பதில்: அன்புச் சகோதரி, வரும். ஆசையை அடக்க உதவும் மூளையின் முன்பகுதி முழுதாக வளர 20 வயதுக்கு மேல் ஆகிறது. 4 வயதில் புரண்டு அழுவது கோளாறு இல்லை.

ஆனால் நீங்கள் சொல்லும் அந்த ‘அப்புறம்’ இதுவரை எத்தனை முறை உண்மையாகவே வந்தது? குறை சொல்லக் கேட்கவில்லை. அழுகையை நிறுத்த எல்லா வீட்டிலும் சொல்வதுதான். பிள்ளை மறந்துவிடுவான் என்று நாம் நினைக்கிறோம், அவன் மறப்பதில்லை.

அமெரிக்காவின் ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் என்ற ஆய்வாளரின் குழு 28 குழந்தைகளிடம் இதைச் சோதித்துப் பார்த்தது. 2013இல் வெளிவந்த ஆய்வு அது. பழைய கிரேயான்களைக் கொடுத்து, “கொஞ்சம் இரு, இதைவிட நல்லதாகக் கொண்டுவருகிறேன்” என்றார்கள். பாதிப் பேருக்குச் சொன்னபடி வந்தது. மீதிப் பேரிடம், “மன்னித்துக்கொள், இல்லை” என்று வெறுங்கையோடு திரும்பினார்கள். ஸ்டிக்கரிலும் அதே கதை. பிறகு ஒரு மிட்டாயை வைத்து, “நான் வரும்வரை தின்னாமல் இருந்தால் இரண்டு” என்றார்கள். வாக்கு காப்பாற்றப்பட்ட 14 குழந்தைகளில் 9 பேர் முழுசாக 15 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த 14 பேரில் ஒரே ஒரு குழந்தை! அத்தனைக்கும் அவர்கள் ஏமாந்தது அன்று ஒரு நாள், அதுவும் இரண்டே முறை.

அடித்தால் உங்கள் எதிரில் அடங்குவான், பயத்தில். காத்திருக்கப் பழக மாட்டான். மாமியாரிடம் இதற்காகச் சண்டை வேண்டாம். அவரையும் கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள், வாக்குக் கொடுத்தால் இருவருமே காப்பாற்ற வேண்டும் என்று.

சின்னதாகத் தொடங்குங்கள். “குக்கர் மூணு விசில் அடிக்கட்டும், வந்து கதை சொல்றேன்.” மூன்றாவது விசில் வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டுப் போய் உட்காருங்கள். போன் அடித்தால் அடிக்கட்டும். விசிலை அவனே விரல்விட்டு எண்ணுவான்.

கடைக்குப் புறப்படும் முன்பே, “இன்னிக்கு ஜெல்லி இல்லை, ஞாயிற்றுக்கிழமை ஒண்ணு” என்று சொல்லிவிடுங்கள். காலண்டரில் அந்த ஞாயிறைச் சுற்றி அவனையே வட்டம் போடச் சொல்லுங்கள். முதல் சில தடவை அப்போதும் அழுவான். பக்கத்திலேயே இருங்கள், கத்த வேண்டாம். ஞாயிறன்று மழை கொட்டினாலும் குடையை எடுத்துக்கொண்டு போய் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.