மலைப்பாதை, புது முகங்கள், ஒரே கார்: கேள்வி பதில்

கேள்வி: நாங்கள் ஐந்து பேர். இருவரைத் தவிர மற்றவர்கள் முன்பின் பார்த்துக்கொண்டதே இல்லை. மூன்று பேர் கார் ஓட்டத் தெரியும் என்கிறார்கள். யாரை நம்பிக் கொடுப்பது?

பதில்: அடிவாரம் வருவதற்குள், சமவெளியிலேயே ஆளுக்கு அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். வேகத்தை விடுங்கள், காலைக் கவனியுங்கள். முன்னால் போகும் வண்டியை ஒட்டியே போய் ஓயாமல் பிரேக்கைத் தொடுகிறவர், கியர் மாற்றிய பிறகும் கிளட்ச் பெடலில் கால் வைத்திருப்பவர், போன் அதிர்ந்தால் கண் அங்கே போகிறவர், இவர்களுக்கு மலையில் ஸ்டியரிங் வேண்டாம். ஏற்றத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் பிடித்து, பின்னால் உருளாமல் எடுக்கவும் தெரிய வேண்டும்.

இன்னொன்று. பொதுவாகக் கைதேர்ந்தவரை ஏற்றத்துக்கு வைத்து, இறக்கத்தை அடுத்தவரிடம் தள்ளுவார்கள். அது தலைகீழ். இறக்கம்தான் கடினம், அதற்கு நல்ல ஓட்டுநரை மிச்சம் வையுங்கள். வண்டியின் காப்பீடு மற்றவர் ஓட்டினாலும் செல்லுமா என்று பாலிசியைப் புரட்டிவிடுங்கள்.

கேள்வி: இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போகும் என்கிறார்களே, ஏன்? எங்களுடையது ஆட்டோமேட்டிக்.

பதில்: பிரேக் செய்வதெல்லாம் வண்டியின் ஓட்டத்தை வெப்பமாக மாற்றுவதுதான். காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் அந்தச் சூடு ஆறவே நேரமிருக்காது. அது இரண்டு விதமாகக் கைவிடும். பிரேக் பேட் சூடேறிப் பிடிப்பை இழந்தால் பெடல் கெட்டியாகவே இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விட்டால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது. டாட் 4 தரத்தில் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய ஆயிலுக்கு 155 டிகிரி இருந்தால் போதும் என்று அந்தத் தரமே விட்டுக்கொடுக்கிறது. மாற்றி இரண்டு வருடம் தாண்டியிருந்தால் மாற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

ஆட்டோமேட்டிக்கில் 'டி'யிலேயே விட்டு இறங்காதீர்கள். 'எல்', '2' அல்லது மேனுவல் மோடுக்குப் போய், இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். கிளட்ச் வண்டி என்றால், அந்த ஏற்றத்தை எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியர். அதிலும் வேகம் பிடித்தால் இன்னும் ஒன்று கீழே. 40 கிலோமீட்டர்தான் உங்கள் எல்லை என்று வையுங்கள்: முள் 40ஐத் தொட்டதும் அழுத்தமாக மிதித்து 30க்குக் கொண்டுவந்து, காலை முழுக்க எடுத்துவிடுங்கள். லேசாக அழுத்திக்கொண்டே போவதுதான் பிரேக்கை வேகவைக்கும். நியூட்ரலில் உருட்டினால் எரிபொருள் மிச்சம் என்பது பழைய கதை. இன்ஜெக்‌ஷன் இன்ஜினில், கியரில் இருந்து ஆக்சிலேட்டரை விட்டால் எரிபொருள் நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் ஓட எரிபொருள் கேட்கும்.

கருகல் வாடை வந்தால் ஒதுக்குப்புறமாக நிறுத்தி, ரிவர்ஸ் கியர் (ஆட்டோமேட்டிக்கில் 'பி') போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் கோணலாகும், விரிசலும் விடலாம். வாடையை யார் உணர்ந்தாலும் உடனே சொல்ல வேண்டும். 'புதுப் பழக்கம், அவர் தப்பாக நினைப்பாரோ' என்று வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் இப்படிப்பட்ட குழுவின் பெரிய ஆபத்து.

கேள்வி: அண்ணா, வளைவு வந்தாலே எனக்கு வாந்தி. தெரியாதவர்கள் முன்னால் மானம் போய்விடுமே?

பதில்: கிளம்பும் முன்பே சொல்லி முன் சீட்டைக் கேட்டு வாங்குங்கள், கூச்சமே வேண்டாம். உள்காது 'திரும்புகிறோம்' என்கிறது, போனைப் பார்க்கும் கண் 'அசையவில்லை' என்கிறது. அந்தச் சண்டைதான் குமட்டல். தூரத்துச் சாலையைப் பாருங்கள், ஜன்னலைக் கொஞ்சம் இறக்குங்கள், வெறும் வயிறும் வேண்டாம், முட்ட முட்டவும் வேண்டாம். மாத்திரை என்றால் மருந்தாளரிடம் கேட்டு, கிளம்ப அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன் போட வேண்டும். குமட்டல் வந்த பிறகு போட்டுப் பெரிய பலனில்லை. பெரும்பாலான மாத்திரைகள் தூக்கம் தருபவை, ஓட்டுகிறவர் தொடக்கூடாது.

கேள்வி: கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வந்தால்?

பதில்: பஸ்ஸுக்கு முழு வளைவும் தேவை. நீங்கள் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள், உள்ளே நுழைந்த பிறகு நின்றால் இருவருக்கும் வழியில்லை. குறுகிய சாலையில் ஏறி வருகிறவருக்கு வழிவிடுவதே வழக்கம்.

கேள்வி: ஒருவர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போட்டோவுக்கு நிறுத்தச் சொல்கிறார். இன்னொருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்.

பதில்: நிறுத்தக் கேட்க யாருக்கும் உரிமை உண்டு, எங்கே நிறுத்துவது என்பது ஓட்டுகிறவர் முடிவு. வளைவிலும் வளைவு முடிந்த உடனேயும் நிற்கக்கூடாது, சாலையை விட்டு முழுதாக இறங்கும் இடமிருந்தால் மட்டுமே. கேட்டவுடன் சடாரென்று ஓரங்கட்டும் ஓட்டுநரை நான் நல்லவர் என்று சொல்லமாட்டேன். மேப் காட்டும் நேரத்தோடு பாதியைக் கூட்டிக்கொண்டு திட்டமிட்டால் இந்தச் சண்டை பாதி அடங்கும். இருட்டும் முன் தங்குமிடம் சேர்வது மட்டும் பேரத்துக்கு அப்பாற்பட்டது.

கேள்வி: எரிபொருள் செலவைப் பிரிப்பது?

பதில்: டேங்கை நிரப்பிக் கிளம்புங்கள், திரும்பியதும் நிரப்புங்கள். வழியில் போட்டதையும் கடைசியில் நிரப்பியதையும் கூட்டித் தலைக்குப் பிரித்தால் தீர்ந்தது. மைலேஜ் கணக்கு மலையில் செல்லாது. அபராதம் அப்போது ஓட்டியவருக்கு, பஞ்சர் எல்லாருக்கும் என்று முன்பே பேசிவிடுங்கள்.

கேள்வி: 3000 மீட்டரில் இரவு தங்குகிறோம். ஒருவருக்குத் தலைவலி வந்தால்?

பதில்: 2500 மீட்டருக்கு மேலே தலைவலியோடு குமட்டலோ தலைசுற்றலோ இருந்தால், வேறு காரணம் தெரியும்வரை உயரத்தால் வந்தது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஏறக்கூடாது. நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ விடியும்வரை காத்திருக்காமல் உடனே கீழே இறக்கி, மருத்துவரிடம் கொண்டுபோங்கள். 'எனக்கு ஒன்றுமில்லை' என்று அவர் சொல்வதை ஏற்க வேண்டாம். பழக்கமில்லாதவரின் இயல்பான நடை உங்களுக்குத் தெரியாது, நேர்க்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: மூடுபனியில் ஹை பீம் போடலாமா?

பதில்: கூடாது. வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். லோ பீம், இருந்தால் ஃபாக் லேம்ப். உள்கண்ணாடி மங்கினால் ஏசியோடு ஹீட்டரையும் போட்டு, வெளிக்காற்று உள்ளே வரும்படி வையுங்கள்.

கேள்வி: மேலே போனதும் சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்பிவிட்டது. டயரிலும் காற்றைக் குறைக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். 3000 மீட்டரில் வெளிக்காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 70 சதவீதம், அதனால்தான் பாக்கெட் உப்புகிறது. டயர் கேஜிலும் அளவு கொஞ்சம் கூடும், ஆனால் மலைக்குளிர் அதில் ஒரு பங்கைக் குறைத்துவிடும். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பார்த்து, கதவு ஓரத்து ஸ்டிக்கரில் உள்ள அளவை வைத்தால் போதும். பாக்கெட்டை மட்டும் முகத்துக்கு நேரே பிடித்துப் பிரிக்காதீர்கள்.