தலையிலா, பாதத்திலா?

அன்புள்ள ஐயா,

எங்கள் எலத்தகிரியில் தவக்காலப் பிரசங்கத்தில், இயேசுவின் பாதத்தில் தைலம் பூசியவர் பாவ வாழ்க்கையை விட்டு வந்த மகதலா மரியாள் என்றார்கள். பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் பக்கத்து வீட்டு அக்காவோ, லாசருவின் சகோதரி பெத்தானியா மரியாள் என்கிறார். மாற்கைப் புரட்டினால் பெயரே இல்லை, தைலமும் தலையில்! எது சரி?

– ஒரு வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

அன்புள்ள சகோதரி,

யோவான் 12-ஐப் பொறுத்தவரை அக்கா சொல்வது சரி. பிரசங்கத்தில் கேட்டது எந்த நற்செய்தியிலும் இல்லை. லூக்கா 7-இல் அழுதபடி வரும் பெண்ணுக்குப் பெயர் கிடையாது. மகதலா மரியாள் அடுத்த அதிகாரத்தில்தான் வருகிறார், ஏழு பேய்கள் நீங்கியவராக. இந்த இருவரையும் பெத்தானியா மரியாளையும் ஒரே ஆளாக மேற்கத்திய திருச்சபையில் நிலைநிறுத்தியது, 591-இல் திருத்தந்தை பெரிய கிரகோரியார் ஆற்றிய மறையுரை. கீழைத் திருச்சபைகள் மூவரையும் தனித்தனியாகவே வைத்திருக்கின்றன. இப்போது கத்தோலிக்க நாட்காட்டியும் அப்படித்தான்: மகதலா மரியாளின் திருநாள் ஜூலை 22, பெத்தானியா மரியாளுக்கு, 2021 முதல், மார்த்தா, லாசருவோடு ஜூலை 29. ஆக இது உங்கள் இரு வீட்டுக்கும் நடுவே உள்ள சண்டையே இல்லை.

ஒரு தாளை நான்காக மடித்து, பத்திக்கு ஒரு நற்செய்தியாக எழுதிப் பாருங்கள்: யார் வீடு, எப்போது, தலையா பாதமா, முணுமுணுத்தது யார், இயேசு என்ன பதில் சொன்னார். ஒன்றில் இல்லாததை இன்னொன்றிலிருந்து எடுத்து நிரப்பவே கூடாது. குழப்பம் தொடங்குவது அங்கேதான். முணுமுணுப்பவர்களை மட்டும் பாருங்கள்: மாற்கில் 'சிலர்', மத்தேயுவில் சீஷர்கள், யோவானில் யூதாஸ். லூக்காவில் தைலத்தின் விலையைப் பற்றிப் பேச்சே இல்லை. பரிசேயன் சீமோனின் உறுத்தல் அந்தப் பெண் யார் என்பதில். அதனால்தான் அங்கே பதில் 500, 50 என்ற இரு கடன்காரரின் உவமை.

யோவானில் ஒரு விசித்திரம் உண்டு. லூக்காவின் பெண் கூந்தலால் துடைப்பது கண்ணீரை. தைலம் அதற்குப் பிறகு. யோவானின் மரியாள் அழவில்லை. ஒரு இராத்தல், அதாவது ஏறக்குறைய 327 கிராம் நளதம் என்ற நறுமணத் தைலத்தைப் பூசிவிட்டு, அந்தத் தைலத்தையே துடைக்கிறார். பூசியதை எதற்குத் துடைக்க வேண்டும்? வாய்வழியாக வந்தபோது இரண்டு கதைகளின் விவரங்கள் கலந்திருக்கலாம் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். அதை ஏற்றாலும் யோவான் கவனமில்லாமல் எழுதினார் என்று நான் நினைக்கவில்லை. அடுத்த அதிகாரத்தில் இயேசு சீஷரின் கால்களைக் கழுவித் துடைக்கும்போதும் மூலத்தில் அதே கிரேக்க வினைச்சொல்தான். குரு செய்யப்போவதை இந்தப் பெண் முன்பே செய்துவிடுகிறார்.

மாற்கின் பார்வை வேறு. தலையில் எண்ணெய் வார்ப்பது இஸ்ரவேலின் அரசர்களான சவுலுக்கும் யெகூவுக்கும் நடந்த ராஜ அபிஷேகம். அந்தத் தைலத்தின் விலை 300 பணத்துக்கு மேல் என்கிறார்கள் முணுமுணுத்தவர்கள். மத்தேயு 20-இல் நாள் கூலி ஒரு பணம். நம் பக்கத்து மாந்தோப்பில் கூலிக்குப் போகிறவர், ஓய்வு நாள் போக, ஒரு வருஷம் முழுக்க உழைத்தால் வரும் தொகை அது. அந்தப் பெண் தைலப் பரணியைத் திறக்கக்கூட இல்லை, உடைத்துவிடுகிறார். இயேசுவோ அதை அடக்கத்துக்கான அபிஷேகம் என்கிறார்.

மனந்திரும்பிய பாவி என்ற அடையாளத்தை இவர்மேல் ஏற்றினால் இது முழுவதும் மறைந்துபோகிறது என்பதே என் வருத்தம். மாற்கு 14-ஐ 16:1-ஓடு சேர்த்து வாசியுங்கள். ஞாயிறு விடியலில் மூன்று பெண்கள் சுகந்தவர்க்கங்களோடு கல்லறைக்குப் போகிறார்கள். பூச உடல் இல்லை. மாற்கில் அந்த உடலுக்குக் கிடைத்த ஒரே தைலம், பெயர் தெரியாத இவர் ஊற்றியதுதான்.