வேண்டுதல் உங்களோடது, பில் யாருக்கு?

(வாசகர் கேள்வி-பதில். இந்த வாரம் வந்ததுல பாதிக்கு மேல சாமி, சத்தியம், சம்சாரம்னே இருந்துச்சு, சரி ஒண்ணா சேர்த்துப் போட்டுடலாம்னு போட்டாச்சு. பேர் வேண்டாம்னு நிறைய பேர் கேட்டதால யாரோட பேரும் போடல.)

கே: கணவருக்கு ஆபரேஷன் நடந்தப்போ, அவர் நல்லபடியா வீடு திரும்பினா ஒரு வருஷம் எங்க வீட்ல டிவி கிடையாது, விசேஷம் கிடையாது, வெளியூர் பயணம் கிடையாதுன்னு வேண்டிக்கிட்டேன். அவர் தேறி வந்துட்டார். இப்போ மகன் உயிர் நண்பனோட கல்யாணத்துக்குப் போயே தீருவேன்னு நிக்கிறான். தெய்வக் குத்தம் ஆயிடுமா?

ப: முதல்ல அவர் தேறி வந்தது சந்தோஷம்மா. ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல அந்த சிவப்பு லைட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிற நேரத்துல மனுஷன் எதை வேணா வேண்டிக்குவான், அதைக் கிண்டல் பண்றவங்க அந்த பெஞ்சில உக்காந்ததில்லைன்னு அர்த்தம். ஆனா ஒண்ணு, நீங்க வாங்கின கடனுக்கு மகன்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமலே அவனை ஜாமீன் கையெழுத்து போட வெச்சிருக்கீங்க, இல்லையா? அவனுக்குத் தெரியவே தெரியாத பத்திரம் அது.

காந்தி கதை ஒண்ணு இருக்கு. மாடு, எருமைகிட்ட பால் கறக்க நடக்கிற கொடுமையைப் படிச்சிட்டு 1912-ல பாலே குடிக்க மாட்டேன்னு முடிவு எடுத்தார். 1918-ல பெரிய சீக்கு, எலும்பும் தோலுமா ஆயிட்டார். டாக்டர் பால் குடிச்சாதான் உடம்பைத் தேத்த முடியும்னு சொல்றார், இவர் விரதம்ங்கறார். பக்கத்துல நின்ன கஸ்தூரிபா, அப்போ ஆட்டுப்பாலுக்கு உங்களுக்கு ஆட்சேபணை இருக்காதேன்னு கேட்டாங்க பாருங்க! வக்கீலுக்கே பாயிண்ட் எடுத்துக் கொடுத்தாங்க அந்தம்மா. அவரும் குடிச்சார். ஆனா, சபதத்தோட வார்த்தையைத்தான் காப்பாத்தினேன், உயிரைக் கொன்னுட்டேன்னு சுயசரிதையில ஒப்புக்கிட்டு, அது இன்னும் உறுத்துதுன்னும் எழுதியிருக்கார். நான் கவனிக்கிறது என்னன்னா, அந்த உறுத்தலை அவரே வெச்சுக்கிட்டார், என் சபதத்தைக் கெடுத்தது நீதான்னு கஸ்தூரிபா தலையில போடல. (அவரோட மத்த விரதங்கள்ல அந்தம்மா எவ்வளவு பட்டாங்கங்கறது தனிக்கதை, அதை இன்னொரு நாள் சண்டை போட்டுக்கலாம்.)

சொந்தக் கதையும் சொல்லிடறேன். ஒரு காலத்துல வாரத்துல ஒருநாள் மௌன விரதம் இருந்தேன், அமைதியா இருக்கேன்னு எனக்கே ஒரு பெருமை வேற. வாய்தான் மௌனம், கையில ஒரு சின்ன பேடும் பேனாவும். 'தண்ணி', 'ஃபேன் 3-ல வை', 'போன்ல யாரு?', 'சத்தம்!!' இப்படி ஆச்சரியக்குறி எல்லாம் போட்டு எழுதி எழுதி நீட்டுவேன், திரும்பிப் பாக்கலைன்னா கை தட்டுவேன். ஒரு நாள் ராத்திரி படுக்கப் போறப்போ தலையணை மேல ஒரு கத்தை சீட்டு இருந்துச்சு, அன்னிக்கு மட்டும் 23. கூடவே என் மனைவி கையெழுத்துல 24-வது சீட்டு: 'மௌனம் உங்களுக்கு, வாயடைப்பு எனக்கு.' அதோட அந்த விரதம் முடிஞ்சுது.

அதனால மகனை உக்காரவெச்சு, அன்னிக்கு ராத்திரி என்ன பயந்தீங்கன்னு அவன்கிட்ட சொல்லுங்க. இதுவரைக்கும் சொல்லியிருக்க மாட்டீங்கன்னு நினைக்கிறேன், ரூல்ஸ் மட்டும்தான் சொல்லியிருப்பீங்க. கேட்டுட்டு அவனா நின்னா சரி. இல்லைன்னா அவன் கல்யாணத்துக்குப் போகட்டும், நீங்க உங்க பங்கை முழுசா நிறைவேத்துங்க.

கே: நம்பிக்கைக்கும் மூடநம்பிக்கைக்கும் என்ன வித்தியாசம்?

ப: நான் பண்ணா முதலாவது, என் சம்பந்தி பண்ணா ரெண்டாவது.

கே: எனக்குக் கடவுள் நம்பிக்கை ரொம்ப ஜாஸ்தி. கல்யாணத்துக்கு முன்னாடியே தனக்கு அது இல்லைன்னு அவர் சொல்லிட்டார், நானும் மாத்திடலாம்னு நினைச்சேன், பொய் சொல்லல. 6 வருஷமாச்சு. கிண்டல் எல்லாம் பண்றதில்ல, ஆனா நான் கண்ணை மூடி நிக்கிறப்போ அவர் பக்கத்து ரூம்ல பேப்பர் படிக்கிற சத்தம் கேக்கும், அது என்னமோ பண்ணுது. நாங்க ரெண்டு பேரும் வேற வேற இடத்துக்குப் போயிடுவோமோன்னு பயமா இருக்கு.

ப: அந்தப் பேப்பர் சத்தம்னு எழுதினீங்களே, அதைப் படிச்சிட்டு ரொம்ப நேரம் பதில் எழுத முடியல.

உங்களுக்கு முன்னாடியே இதே பயத்தை ஒரு அம்மா கடிதமா எழுதி வெச்சிருக்காங்க. சார்லஸ் டார்வினோட மனைவி எம்மா. கல்யாணத்துக்கு முன்னாடி டார்வினோட அப்பா, உன் சந்தேகத்தை எல்லாம் பொண்டாட்டிகிட்ட மறைச்சுடுன்னு புத்திமதி சொன்னார். பையன் கேக்கல, எம்மாகிட்ட சொல்லிட்டார். 1839 ஜனவரியில கல்யாணம், கொஞ்ச நாள்லயே அவங்க ஒரு கடிதம் எழுதறாங்க, ஒரே வீட்ல இருந்துக்கிட்டே. நிரூபிச்சாதான் நம்புவேங்கற உங்க தொழில் பழக்கம் நிரூபிக்க முடியாத விஷயத்துலயும் உங்களைப் பிடிச்சுக்கக் கூடாதேன்னு ஒரு இடத்துல. உங்களைப் பாதிக்கிறது எல்லாம் என்னையும் பாதிக்குது, நாம எப்பவும் ஒருத்தருக்கொருத்தர் சொந்தம் இல்லைன்னு நினைச்சா தாங்க மாட்டேன்னு இன்னொரு இடத்துல. நீங்க கேட்டதேதான்.

அவங்க 43 வருஷம் சேர்ந்து வாழ்ந்தாங்க, 10 பிள்ளைங்க பிறந்து 3 பேரைச் சின்ன வயசுலயே பறிகொடுத்தாங்க. 1851-ல 10 வயசு மக ஆனி போனதுக்கப்புறம் டார்வின்கிட்ட மிச்சம் மீதி இருந்த நம்பிக்கையும் போச்சுன்னு சொல்றவங்க உண்டு. குடும்பம் சர்ச்சுக்குப் போனா இவர் நடக்கப் போயிடுவார். எம்மா இவரை இழுத்துட்டுப் போகல, இவரும் அவங்களைத் தடுக்கல. அந்தக் கடிதம் மட்டும் பத்திரமா இருந்துச்சு. அதுல டார்வின் தன் கையால ஒரு வரி சேர்த்திருந்தார்: நான் செத்தப்புறம் தெரிஞ்சுக்கோ, இதை எத்தனையோ தடவை முத்தமிட்டு அழுதிருக்கேன்னு.

அவரும் மாறல, அவங்களும் மாறல. நீங்க மாத்திடலாம்னு போட்ட அந்தப் பழைய பிளானை விட்டுட்டு, இங்க எனக்கு எழுதினதை அப்படியே அவருக்கு எழுதுங்க. வாய்ல சொன்னா விவாதம் ஆயிடும். பேப்பர் சத்தத்தையும் எழுதுங்க. அப்புறம் ஒண்ணு கேக்கறேன், அவர் பக்கத்து ரூம்லதானே இருக்கார்? நீங்க முடிச்சுட்டு வர்ற வரைக்கும்?

கே: பதவி ஏத்துக்கிறப்போ சிலர் 'கடவுள் பெயரால்'ங்கறாங்க, சிலர் 'உளமார'ங்கறாங்க. கடவுள் பெயரால் சொன்னவனாவது கொஞ்சம் பயப்படுவான் இல்லையா?

ப: பயந்த மாதிரி தெரியலையே சார்!

ரெண்டு வாசகமும் நம்ம அரசியலமைப்போட மூணாவது அட்டவணையில பக்கத்து பக்கத்துல இருக்கு, எதைச் சொன்னாலும் சட்டத்துக்கு ஒண்ணுதான். ஆனா இந்த 'உளமார' சும்மா வந்துடல. இங்கிலாந்துல சார்லஸ் பிராட்லான்னு ஒரு நாத்திகர் 1880-ல எம்பி ஆனார். சாமி பேரைச் சொல்லாம உறுதிமொழி எடுக்கறேன்னார், முடியாதுன்னாங்க. சரி போங்கய்யா சத்தியமே பண்றேன்னார், உனக்குத்தான் நம்பிக்கை இல்லையே நீ எப்படி பண்ணலாம்னு அதுவும் முடியாதுன்னாங்க. ஒரு ராத்திரி பார்லிமெண்ட் கடிகார கோபுரத்துலயே அடைச்சு வெச்சாங்க. ஊர்க்காரங்க விடல, திரும்பத் திரும்ப அவரையே ஜெயிக்க வெச்சாங்க, கடைசியா 1886-லதான் நிலையா உக்காந்தார். 1888-ல சட்டமே வந்துச்சு, யார் வேணாலும் உறுதிமொழி எடுக்கலாம்னு. இந்தியாவுக்காக நிறைய பேசினவர் அவர். 1891-ல செத்தப்போ லண்டன்ல படிச்சிட்டிருந்த காந்தி அடக்கத்துக்குப் போயிருக்கார். சாமி பக்தர், நாத்திகர் அடக்கத்துல.

பிராட்லாவுக்கு நம்பிக்கை இல்லாத வார்த்தையைச் சொல்லக் கூச்சமா இருந்துச்சு, அதுக்காக சீட்டுக்கு 6 வருஷம் போராடினார். பயமோ பக்தியோ, அந்தக் கூச்சம் இருக்கிறவனா பாத்து ஓட்டுப் போடுங்க.

கே: எனக்கு வாரத்துல ஒரு நாள் பிரார்த்தனை நாள். ஆபீஸ்ல அன்னிக்குத்தான் முக்கியமான மீட்டிங் போடறாங்க. விட்டுக்கொடுக்கலாமா?

ப: எரிக் லிடல்னு ஓட்டக்காரர், 1924 பாரிஸ் ஒலிம்பிக்ல 100 மீட்டர் ஹீட்ஸ் (முதல் சுற்று) ஞாயித்துக்கிழமைன்னு ஓடல. கடைசி நிமிஷத்துல தெரிஞ்சு அதிர்ந்து போனார்னு நினைச்சுடாதீங்க, அப்படி இல்ல. பல மாசம் முன்னாடியே தெரியும், அதனால 400 மீட்டருக்கு மாறிப் பயிற்சி எடுத்து 47.6 செகண்ட்ல தங்கம் வாங்கினார். நீங்களும் மீட்டிங் அன்னிக்குக் காலைல சொல்லாம இப்பவே சொல்லுங்க, வேற நாள்ல கூட வேலை செய்யறேன்னு சேர்த்துச் சொல்லுங்க. நீங்க வராததால உங்க டேபிள் வேலை பக்கத்து சீட்டுக்காரர் தலைல விழுதான்னு மட்டும் பாத்துக்கோங்க.

அதே லிடல் அப்புறம் சீனாவுக்கு மிஷனரியா போனார். 1941-ல நிலைமை மோசமானதும் கர்ப்பமா இருந்த மனைவியையும் ரெண்டு மகளையும் கனடாவுக்கு அனுப்பிட்டுத் தான் மட்டும் இருந்தார், 1945-ல ஜப்பான்காரங்க முகாம்லயே செத்துப்போனார். மூணாவது குழந்தையைப் பாக்கவே இல்ல. இதை எல்லாரும் தியாகம்னுதான் சொல்றாங்க, நானும் சொல்லுவேன், ஆனா அந்தக் குழந்தைகிட்ட யாரும் கேட்டிருக்க மாட்டாங்க.

இன்னொருத்தர் ஜோனதன் எட்வர்ட்ஸ், ட்ரிப்பிள் ஜம்ப். ஞாயித்துக்கிழமை குதிக்க மாட்டேன்னு 1991 உலக சாம்பியன்ஷிப்பையே விட்டார். 1993-ல மனசு மாறினார், 1995-ல 18.29 மீட்டர் உலக சாதனை, 2000-ல ஒலிம்பிக் தங்கம். 2007-ல, எனக்கு இப்போ நம்பிக்கையே இல்லைன்னு வெளிப்படையாவே சொல்லிட்டார். 91-ல விட்டது வீணான்னா எனக்கு அப்படித் தோணல, அன்னிக்கு இருந்த மனுஷன் அன்னிக்கு உண்மையா இருந்தார்.

கே: கல்யாண நாளுக்கு ஸ்டேட்டஸ்ல 'என் உயிரே'ன்னு போட்ட கணவர், அன்னிக்கு வீட்ல என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. லைக் போடறதா வேண்டாமா?

ப: போடாதீங்க. கமெண்ட்ல, 'பக்கத்து ரூம்லதான் இருக்கேன், வந்து சொல்லுங்க'ன்னு போடுங்க.

கே: எல்லாருக்கும் சொல்றீங்களே, நீங்க சாமி கும்பிடுவீங்களா?

ப: கும்பிடுவேன். வாய் திறந்துதான். அந்த 23 சீட்டும் ரப்பர் பேண்ட் போட்டு இன்னும் அலமாரில இருக்கு, சாவி அவங்ககிட்ட.