தோழி இல்லாத காத்திருப்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

தன்பாலீர்ப்பைப் பேசும் படங்களில் ஏன் எல்லோரும் காத்துக்கொண்டே இருக்கிறார்கள்? போனுக்கு, கடிதத்துக்கு, கதவு தட்டப்படுவதற்கு. பார்க்கப் பார்க்க எரிச்சல் வருகிறது. எனக்கு வயது 34. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. யாரோடும் இன்னும் வாழவில்லை. சொல்லும்வரை நான் இன்னும் நானாகவில்லை என்றுதான் தோன்றுகிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சின்னக் கடிதம், அதில் மூன்று 'இன்னும்'. எரிச்சல் படங்கள் மேலா, அந்தச் சொல்லின் மேலா?

சங்கப் பாட்டின் முல்லைத்திணைக்கு உரிப்பொருளே இருத்தல், அதாவது பிரிந்துபோனவனுக்காகக் காத்திருத்தல்தான். ஆனால் முல்லைத் தலைவிக்குத் தவணை உண்டு. கார்காலத்தில் தலைவன் வந்துவிட வேண்டும். மழை இறங்கியும் ஆளைக் காணோம் என்றால் தேற்றத் தோழி உண்டு. குறுந்தொகையில் ஒரு தோழி, 'இது கார் இல்லையடி, வம்ப மாரி, காலம் தப்பிய மழை. கொன்றைதான் ஏமாந்து பூத்துவிட்டது' என்று கூசாமல் சமாளிப்பாள். நீங்கள் சொல்லும் படங்களில் பலருக்குத் தவணையும் கிடையாது, தோழியும் கிடையாது. காத்திருப்பதையே மறைக்க வேண்டும். அது தனி உழைப்பு.

பாரி ஜென்கின்ஸின் 'மூன்லைட்' (2016) படம் பார்த்திருப்பீர்கள். கடைசிப் பகுதியில் நாயகன் ஷைரோன் உடம்பை முறுக்கேற்றி, பல்லுக்குத் தங்க உறை மாட்டி, எதிரே வருபவர் ஒதுங்கிப் போகிற ஆளாக இருப்பான். பல வருடம் கழித்து ஒரு ராத்திரி, சின்ன வயதில் அவன் மனதைத் தொட்ட நண்பன் கெவின் போன் செய்கிறான். இவன் காரை எடுத்துக்கொண்டு அட்லாண்டாவிலிருந்து மயாமிக்கே போய்விடுகிறான். கெவின் வேலை செய்யும் உணவகம். அவன் கையால் சமைத்த தட்டு முன்னால் வந்ததும், ஷைரோன் அந்தத் தங்க உறையைக் கழற்றுகிறான். சாப்பிட இடைஞ்சல், அவ்வளவுதான். யாரும் எதுவும் சொல்லவில்லை. இத்தனை வருடமும் உறைக்குப் பின்னால் அவன் இல்லாமலா போனான்? இன்னொன்றும் சொல்வேன்: அந்த உறையும் அவன்தான். அதை மாட்டிக்கொண்டு பிழைத்த வருடங்களை யார் கணக்கில் எழுதுவது? அதனால் 'நானாகவில்லை' என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எரிச்சலிலும் நியாயம் உண்டு. மழை, கண்ணாடி ஜன்னல், பின்னால் ஒரு பியானோ என்று காத்திருப்பை அலங்காரம் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கும் கொட்டாவிதான்.

அப்புறம் ஒன்று. இரண்டு பெண்களின் காதலைச் சொல்லும் 'கரோல்' (2015) படத்தின் மூல நாவலை பட்ரீஷியா ஹைஸ்மித் 1952-இல் க்ளேர் மார்கன் என்ற புனைபெயரில் வெளியிட்டார். தன் பெயரிலேயே வெளியிட 1990 ஆனது, 38 வருடம். நடுவில் க்ளேர் மார்கனுக்கு வாசகர் கடிதங்கள் குவிந்தன. இப்படிப்பட்ட கதை ஒன்று இருவரும் செத்துப்போகாமல் முடிந்ததே என்று நன்றி சொன்னவர்கள் அதில் உண்டு. அவர்கள் தேடி எழுதிய க்ளேர் மார்கன் என்று ஒருவர் இல்லை. ஆனாலும் கடிதங்கள் சரியான ஆளிடம்தான் போய்ச் சேர்ந்தன.

வீட்டில் சொல்லலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மறுபடி எழுதுங்கள். 'எஸ்.' போதும்.