ஒரே வீட்டில் நான்கு ஜோசப்

அன்புள்ள ஐயா,

நாங்கள் மொன்றியலில் இருக்கிறோம். மருமகன் கியூபெக் பிரெஞ்சுக்காரர். பேரனுக்குப் பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரையச் சொல்லியிருக்கிறார்கள். சம்பந்தியம்மா கொடுத்த பழைய ஞானஸ்நானப் பதிவுகளில் ஒரே வீட்டின் நான்கு பையன்களுக்கும் ஜோசப் என்றே பெயர். அப்பாவின் குடும்பப் பெயர் ஊதோன், மகனுடையது பொலியு. இரண்டு குடும்பங்களைக் கலந்துவிட்டோமா?

வாசகி, மொன்றியல்

அன்புள்ள அம்மா,

பயப்படாதீர்கள். ஊதோன், பொலியு இரண்டும் ஒரே வம்சத்தின் பெயர்களாக இருக்கலாம். பழைய ஏடுகளில் 'ஊதோன் தி பொலியு' என்றே வரும். நம் பத்திரங்களில் 'இன்னார் என்கிற இன்னார்' என்று எழுதுவோமே, அந்த 'என்கிற'தான் இந்த 'தி'. 1665இல் பிரான்சிலிருந்து, அன்று பிரெஞ்சுக் குடியேற்றமாக இருந்த கியூபெக்குக்குக் கரிஞான்-சலியேர் படை வந்தது. சுமார் 1200 பேரில் 400 பேர் வரை அங்கேயே குடியேறிவிட்டார்கள். சிப்பாய்களுக்குப் படையில் வைத்த பட்டப்பெயர் பிள்ளைகளோடும் ஒட்டிக்கொண்டது. சான்சூசி என்றால் கவலையில்லாதவன். சிப்பாய் அல்லாதவர்களுக்கும் இது உண்டு. ஆன்ஜு பகுதியிலிருந்து வந்தவர் லான்ஜவான் ஆனார். அண்ணன் ஒரு பெயரையும் தம்பி இன்னொன்றையும் வைத்துக்கொள்வது சாதாரணம். இரண்டையும் போட்டுத் தேடுங்கள்.

ஜோசப் விஷயம் இன்னும் எளிது. ஞானஸ்நானத்தில் ஆண் என்றால் ஜோசப், பெண் என்றால் மரி என்று முன்னால் சேர்ப்பது அந்தக் காலத்து வழக்கம். அடுத்து ஞானப்பெற்றோரின் பெயர் வரலாம், கூப்பிடும் பெயர் பெரும்பாலும் பின்னால் வரும். கனடாவின் பிரதமராக இருந்த பியர் ட்ரூடோவின் முழுப்பெயர் ஜோசப் ஃபிலிப் பியர் இவ் எலியட். யாரும் அவரை ஜோசப் என்று கூப்பிடவில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள்: குழந்தை இறந்துபோனால் அதே பெயரை அடுத்த குழந்தைக்கு வைப்பார்கள். அடக்கப் பதிவையும் பார்க்காமல் விட்டால் இரண்டு பேரை ஒருவராக்கிவிடுவோம்.

உங்களிடம் உள்ள பதிவு ஒன்றின் கடைசி வரியைப் படித்துப் பாருங்கள். தகப்பன், தாய், ஞானப்பெற்றோர் பெயர்களுக்குப் பிறகு, 'கையெழுத்திடத் தெரியாது என்றார்கள்' என்று பாதிரியார் எழுதியிருக்கலாம். பெயரை அவர் காதில் விழுந்தபடி எழுதினார், சரிபார்க்க ஆளில்லை. எழுத்து மாறினால் ஆள் மாறிவிட்டதாக நினைக்க வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்தது கல்யாணப் பதிவுதான். மணமகன், மணமகள் இருவரின் தாய் தகப்பன் பெயரும் பெரும்பாலும் அதில் இருக்கும். தாயின் பெயர் அவள் பிறந்த வீட்டுப் பெயரோடு. அந்த அம்மாவின் கல்யாணப் பதிவைத் தேடினால் அவளைப் பெற்றவர்கள் கிடைப்பார்கள். ஒவ்வொரு கல்யாணமாகப் பின்னால் போய்விடலாம். மணமக்கள் உறவினர் என்றால், அந்தத் தடையை நீக்கி ஆயர் தந்த விலக்கும் எழுதப்பட்டிருக்கும்; உறவு 'மூன்றாம் படி' என்றால் இருவருக்கும் கொள்ளுப்பாட்டனோ கொள்ளுப்பாட்டியோ பொது.

எல்லோரும் ஆண்வழியை மட்டும் பிடித்துக்கொண்டு போவது எனக்குப் பெரிய வருத்தம். தாய்வழியில் போய்ப் பாருங்கள். 1663 முதல் 1673 வரை பிரெஞ்சு அரசு செலவில் கப்பலேற்றி அனுப்பப்பட்ட சுமார் 800 பெண்களை 'அரசனின் மகள்கள்' என்பார்கள். அவர்களில் ஒருத்தியிடம் போய் நிற்க நிறைய வாய்ப்பு உண்டு. கியூபெக்கில் பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயர் பதிவுகளில் அழியவே இல்லை. 1981இலிருந்து கல்யாணத்துக்குப் பிறகும் அதுவே சட்டப்படியான பெயர். உங்கள் மகள் அங்கே கல்யாணம் செய்திருந்தால் இதை அறிந்திருப்பாள்.

எங்கே தேடுவது? ட்ரூவான் தொகுப்பில் 1621 முதல் 1940கள் வரையிலான தேவாலயப் பங்குகளின் பதிவேடுகள் படமாகவே கிடைக்கும். மொன்றியல் பல்கலைக்கழகத்தில் 1966இல் தொடங்கிய ஆய்வுத் திட்டம் பழைய குடும்பங்களை இணைத்து வைத்திருக்கிறது. 1640க்கு முந்தைய கியூபெக் நகரப் பதிவுகளை மட்டும் கொஞ்சம் நிதானமாக நம்புங்கள். அந்த வருடம் கோவில் எரிந்தபோது அவையும் எரிந்தன, பிறகு நினைவிலிருந்து எழுதினார்கள்.

முதலில் சம்பந்தியம்மாவிடம் உட்கார்ந்து, அவருடைய தாத்தா பாட்டிகளின் கல்யாணம் எந்தப் பங்கில், ஏறத்தாழ எந்த வருடம் நடந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பேரனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.