கேம் கேள்வி-பதில்: சுடுவதற்கு முன்னால் கடிகாரத்தைப் பாருங்கள்

கேள்வி: நானும் தம்பியும் வீட்டு வைஃபையில் ‘குவேக் 3 அரீனா’ என்கிற சுடும் கேமை ஒண்டிக்கு ஒண்டி ஆடுகிறோம். அதில் வரும் ரெயில்கன் என்ற துப்பாக்கியில் குறி பார்ப்பதில் நான் அவனுக்குச் சளைத்தவன் இல்லை. ஆனாலும் எப்போதும் 20-க்கு 4 என்று தோற்கிறேன். எனக்கு 41 வயது. கை வேகம் போய்விட்டதா?
- வாசகர், ஈரோடு

பதில்: வயதை விடுங்கள். கல்லூரி விடுதியில் இதை விடிய விடிய ஆடியவன் என்கிற உரிமையில் சொல்கிறேன், நீங்கள் தோற்பது நேரம் பார்ப்பதில்தான்.

ஐடி சாஃப்ட்வேர் உருவாக்கி, 1999 டிசம்பரில் வெளிவந்த இந்த கேமில் பெரிய கதை எதுவும் கிடையாது. மைதானம், ஆயுதங்கள், எதிராளி, அவ்வளவுதான். அதனால் வேகமாகச் சுடுபவன் ஜெயிப்பான் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் ஆட்டம் தரையில் கிடக்கும் ஆர்மரில், அதாவது கவசத்தில் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். ஒரு ராக்கெட் நேராகப் பட்டால் 100 புள்ளி சேதம். உங்களிடம் 100 ஹெல்த் (உயிர் அளவு) மட்டும் இருந்தால் அதோடு முடிந்தது. அதே ராக்கெட் சிவப்பு ஆர்மர் எடுத்து வைத்திருக்கும் தம்பி மேல் பட்டால், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை ஆர்மர் வாங்கிக்கொள்ளும். ஹெல்த்தில் 34 தான் போகும். ஆக உங்களை வீழ்த்த ஒரு ராக்கெட் போதும், அவனை வீழ்த்த இரண்டு வேண்டும். ஹெல்த்தைக் கூட்டும் மெகா ஹெல்த்தும் அவன் கையில் என்றால் இன்னும் 100 கூடுதல். இருவர் குறியும் சமமாக இருந்து என்ன பயன்?

எடுத்த ஆர்மர் 25 விநாடியில் அதே இடத்துக்குத் திரும்ப வரும். மெகா ஹெல்த் 35 விநாடியில் வரும். திரையில் டைமரை ஆன் செய்து வையுங்கள். 3:10-க்கு ஆர்மரை எடுத்தால் அடுத்தது 3:35-க்கு. 3:30-க்கே அந்தப் பக்கம் போய்விடுங்கள். தம்பி எடுத்தாலும் பக்கத்தில் இருந்தால் எடுக்கும் சத்தம் கேட்கும். ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஆடுங்கள், அந்தச் சத்தத்திலிருந்து எண்ணத் தொடங்குங்கள். முதல் சில ஆட்டங்களில் ஸ்கோரை மறந்து, ஆர்மரைத் தவறவிடாமல் எடுப்பதை மட்டும் பழகுங்கள். சிவப்பு ஆர்மர் இல்லாத மேப்பில் (ஆடும் மைதானத்தில்) மஞ்சள் ஆர்மருக்கும் அதே 25 விநாடிதான்.

அப்புறம் ரெயில்கன். அது தூரத்துக்கான ஆயுதம். ஒரு முறை சுட்டால் அடுத்ததற்கு 1.5 விநாடி ஆகும். சுட்ட கோடு காற்றில் கொஞ்ச நேரம் நின்று நீங்கள் இருக்கும் இடத்தையும் காட்டிக்கொடுக்கும். கிட்டத்தில் வந்துவிட்டால் மின்னலை விடாமல் பாய்ச்சும் லைட்னிங் கன்னுக்கு மாறுங்கள். ஒரு விநாடி விடாமல் பட்டால் 160 புள்ளி. ரெயில்கன் அடுத்த குண்டுக்குத் தயாராவதற்குள் சண்டை முடிந்திருக்கும்.

கேள்வி: தம்பி குதித்துக் குதித்தே என்னைவிட வேகமாகப் போகிறான். ஏதாவது சீட் (ஏமாற்று வேலை) செய்கிறானா?
- அதே வாசகர்

பதில்: தம்பி மேல் சந்தேகம் வேண்டாம். அதற்கு ஸ்டிரேஃப் ஜம்ப் என்று பெயர். சாதாரண ஓட்டம் விநாடிக்கு 320 யூனிட் (கேமின் தூர அளவு). முன்னால் போகும் கீயையும் பக்கவாட்டுக் கீயையும் சேர்த்து அழுத்திக் குதித்து, மவுஸை அந்தப் பக்கமே மெல்லத் திருப்பினால் காற்றிலேயே வேகம் ஏறும். கேம் உங்கள் மொத்த வேகத்தைப் பார்ப்பதில்லை, நீங்கள் அழுத்தும் திசையில் எவ்வளவு வேகம் இருக்கிறது என்று மட்டும் பார்க்கிறது. அந்தத் திசை சற்று விலகியிருப்பதால் இன்னும் 320 வரவில்லை என்று மேலும் மேலும் தள்ளிக்கொண்டே இருக்கும்.

2005-ல் ஐடி சாஃப்ட்வேர்காரர்கள் சோர்ஸ் கோடை, அதாவது கேமை இயக்கும் நிரலை, எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். அதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: வேகம் இப்படி ஏறிக்கொண்டே போகும் குறையைத் தடுக்கும் வழியையும் அங்கேயே எழுதி, வேலை செய்யாமல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதுதான் முறையான வழி, ஆனால் ஆடுவதற்கு நன்றாக இல்லை என்கிற பொருளில் பக்கத்திலேயே ஒரு குறிப்பு. ஆடுபவன் கைக்கு எது சுகமோ அதை விட்டுவைத்தார்கள். அந்த முடிவுக்காகவே அவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். தரையைத் தொட்டதும் உடனே குதிக்காவிட்டால் உராய்வில் வேகம் போய்விடும். ஜம்ப் கீயை அழுத்தியே வைத்திருந்தால் அடுத்த குதி வராது, ஒவ்வொரு முறையும் விட்டுவிட்டு அழுத்த வேண்டும். ஆளில்லாத மேப்பில் இடது, வலது என்று மாற்றி மாற்றிப் பழகுங்கள்.

கேள்வி: கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத பழைய லேப்டாப்பில் இது ஓடுமா? இலவசமாகக் கிடைக்குமா? என் 14 வயது மகனுக்காகக் கேட்கிறேன்.
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: தாராளமாக ஓடும். இலவசம் என்பது இன்ஜினுக்கு, அதாவது கேமை இயக்கும் நிரலுக்கு மட்டும்தான். மேப், உருவங்கள் வேண்டுமானால் கேமைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். அந்த இன்ஜினில் செய்த ‘ஓபன் அரீனா’ முழுக்க இலவசம். ஆனால் குவேக் 3-க்கு அமெரிக்காவில் கொடுத்திருக்கும் ரேட்டிங் 17 வயதும் அதற்கு மேலும். ரத்தம் தெறிக்கும் காட்சிகள் உண்டு. ஓபன் அரீனாவில் சில உருவங்களின் உடையும் பையனுக்கு ஏற்றதல்ல. நீங்கள் முதலில் ஆடிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள், சகோதரி.